சாப்பிட்ட பிறகு

குருமண்வெளித் துறைக்கு
முதல் பாதையில் வந்து சேர்ந்தால்தான்
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில்
இருபதுக்குள்ளே ஒரு நம்பர் கிடைக்கும்.
எனக்கு அன்று எழுபத்தி நாலு.

மருந்து யன்னலால்
நாலு கடுதாசிப் பைகள் வந்தன.
ஒவ்வொன்றிலும் நீலத்தில் ஏதோ கீறல்.
வாசிக்கிறவன் மாதிரிப் பார்த்தேன்,
தலையையும் ஆட்டினேன்.
ஐம்பத்தொரு வருஷமாய் ஆட்டிப் பழகிய தலை.

பையைத் தலைகீழாய்ப் பிடித்திருக்கிறேன்.

உள்ளே நின்றது மருதமுனைப் பிள்ளை,
பெயர் றிஸ்மியா என்று பிறகுதான் அறிந்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
"ஒருக்காத் தாங்க" என்று திருப்பி வாங்கினா.
வரிசை முனகிக்கொண்டு நிற்க
ஒரு பையில் சூரியன்.
ஒன்றில் பிறை.
ஒன்றில் இரண்டும்.
நாலாவதில் கோப்பையும் அதற்குள் ஒரு மீனும்.
"இது மட்டும் சாப்பிட்ட பிறகு."
மறுகா எழுபத்தி ஐந்தைக் கூப்பிட்டா.

அதற்கு முதல் எல்லாம்
வெள்ளைக் குளிசையை இரண்டு தரம் விழுங்கி
மஞ்சளை மறந்து
வலை இழுக்கையில் தோணிக்குள்ளேயே சரிந்திருக்கிறேன்.
"குடிச்சிருக்கியா?" என்றான் மச்சான்.
ஓம் என்றேன்.
குடிகாரனை ஊர் மன்னிக்கும்.

ஆனால் அந்த மீன், மீனே இல்லை.
வயிற்றுக்குக் கீழே ஒற்றைச் செட்டை,
முதுகு மொட்டை,
கண் வாலுக்குக் கிட்ட.
கடற்கரையில் பிறந்த பிள்ளை
கறிச்சட்டியில் மட்டும்தான் மீனைக் கண்டிருக்குமோ?
அடுத்த கிளினிக்கில் மெல்லச் சொன்னேன்:
"மகள், கொடுவாவுக்கு முதுகில
முள்ளுச் செட்டை இருக்கு."
சிரித்துக்கொண்டே போட்டா.
அதற்கடுத்த மாதம் செதிள்.
அதற்கடுத்த மாதம் கண் இடத்துக்கு வந்தது.
ஏழு மாதத்தில்
என் நாலாவது பை
விற்கலாம் போல ஒரு கொடுவா ஆயிற்று.

தை பிறக்க யன்னலில் வேறு ஆள்.
பிள்ளைக்கு அக்கரைப்பற்றுக்கு மாற்றமாம்.
புதியவர் கெட்டிக்காரர், வரிசை மளமளவென்று குறைந்தது.
பையில் வெறும் எழுத்து.
எனக்கென்ன,
பழைய பைகள் அலுமாரித் தட்டில் கிடக்கின்றன,
குளிசைக்குக் குளிசை வைத்து ஒப்பிடலாம்.

வாசல் வாங்கில் ஒரு மனுசி,
வெல்லாவெளிப் பக்கம், நேசம்மா.
மூன்று பைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்
தலையை ஆட்டினா.

அந்த ஆட்டு எனக்குத் தெரியும்.

சும்மா போயிருக்கலாம்.
துறைக்குப் போகிற பஸ்ஸும் இரைந்துகொண்டுதான் நின்றது.
"ஒருக்காத் தாங்க" என்ற குரல்
என்னுடையதுதானா என்று திரும்பிப் பார்த்தேன்.

யன்னலடிக்குத் திரும்பப் போனேன்.
"ஐயா, எனக்கு வாசிக்கத் தெரியாது.
இதுகளை எப்பெப்பப் போடுற?"
சத்தமாய்த்தான் வந்துவிட்டது.
வரிசையில் எங்கள் ஊர்ச் சங்கக்கடை மனேச்சர் நின்றார்.
அவர் செருப்பைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
அவ்வளவுதான், ஒன்றும் இடிந்து விழவில்லை.

பேனை அவரிடமே வாங்கினேன்.

வாங்கில் குந்தி
முதல் பையில் சூரியன். கோணல்.
இரண்டாவதில் பிறை. தேங்காய்ச் சொட்டு மாதிரி.
மூன்றாவதில் மீன்,
அதில்தான் என் கை நடுங்கவில்லை:
செதிள், செவுள்,
முதுகுச் செட்டையில் முள் முள்ளாய்.

நேசம்மா கனநேரம் பார்த்தா.
"வடிவான மீன்.
நான் மச்சம் தின்னுறதில்ல, தம்பி."

பஸ் போய்விட்டது.
மீனை வெட்டிவிட்டுப் பக்கத்தில்
ஒரு கத்தரிக்காய் கீறினேன்.
காம்பில் இரண்டு முள்ளும் வைத்தேன்,
அதுக்கும் முள் உண்டுதானே.